அவைத் தலைமையும் வெளிப்படைமையும்

பலர் கூடி ஒரு பொருளை ஆராயுமிடத்து, ஒருவர் தலைமை தாங்கி ஒழுங்கு செய்தல் இன்றியமையாதது. யாவரும் ஒருங்கே பேசின் எவர் சொல்லும் எவர்க்கும் கேளாது. ஆதலின், இவர் பேசுக, இவர் அமர்க, இச்சொல் அவைக்கு ஒவ்வாது எனப் பணிக்கும் அதிகாரம் தலைவரிடம் ஒப்படைக்கப்படுகின்றது. பிறர் நாவை அடக்கும் அவ்வதிகாரத்தை உடையவர் நடுவுநிலைமை பிறழாதவராதல் வேண்டுமென்பதை யாவரும் ஒப்புவர். ஆயின் நடுவுநிலைமை உள்ளத்தில் இருந்தால் மட்டும் அமையுமா? துலாக்கோல் சரியானதே யாயினும், திரைக்குப் பின்னே நிறுக்கப்பட்ட பண்டத்தை வாங்குவோர் ஐயுறவே செய்வர். இவ்வுண்மையைப் பிரித்தானியப் பாராளுமன்றத்துப் பொதுமக்கள் சபையின் வரலாறு நன்கு விளக்கும்.

தொடக்கத்தில் அச்சபை தன் பேச்சுக்களை மறைத்தே வைத்தது. அதற்குக் காரணமும் இருந்தது. 1642 ஆம் ஆண்டில் முதலாம் சாள்ஸ் மன்னர் ஐந்து உறுப்பினரைச் சிறைப்பிடிக்கத் தாமே சபையினுட் புகுந்தார். சபாநாயகர் வில்லியம் லெந்தால், சபை பணித்தாலன்றித் தாம் காணவோ பேசவோ இயலாதெனக் கூறி மறுத்தார். அரசரின் சினத்துக்கு அஞ்சியோர்க்கு இரகசியம் அரணாயிற்று. அவ்வச்சம் நீங்கிய பின்னும் அரண் நீங்கவில்லை. விவாதங்களை வெளியிடுதல் சபையின் சிறப்புரிமைக்கு ஊறு விளைப்பதென 1738 இல் தீர்மானிக்கப்பட்டது. 1771 இல் அச்சகத்தார் சிலரைச் சபை தண்டிக்க முனைந்தபோது, அவர்களுக்குத் துணைநின்ற இலண்டன் மாநகர முதல்வர் பிராஸ் குறொஸ்பி கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். மக்கள் கொதித்தெழுந்தனர், அதன்பின் வெளியீட்டைத் தடுக்கும் முயற்சி தளர்ந்தொழிந்தது. 1803 இல் வில்லியம் கொபெற் தொடங்கிய விவாதத் தொகுதி, பின்னர் ஹன்சாட் என்னும் அச்சகத்தாரின் பெயரைப் பெற்றது. இலங்கைப் பாராளுமன்றத்தின் விவாத அறிக்கைக்கும் அப்பெயரே வழங்குகின்றது. உறுப்பினரின் பேச்சோடு சபாநாயகரின் தீர்ப்பும் எழுத்தில் நின்றமையால், தலைவரும் நாட்டின் பார்வைக்கு உட்பட்டவரானார்.

1881 இல் இதற்கொரு சோதனை வந்தது. அயர்லாந்து பற்றிய அடக்குமுறை மசோதாவொன்றை எதிர்த்து அந்நாட்டு உறுப்பினர் இடைவிடாது பேசினர். ஜனவரி 31 இல் கூடிய சபை 41 மணி நேரம் கலையாதிருந்தது. பெப்ரவரி 2 காலையில் சபாநாயகர் ஹென்றி பிராண்ட் விவாதத்தை நிறுத்தி வாக்கெடுப்புக்கு விட்டார். அவ்வாறு செய்ய எவ்விதியும் இடந்தரவில்லை. ஆயினும், வழக்கமான விதிகள் பயனற்றுப் போயின என்பதை அவர் வெளிப்படையாகக் கூறினார். இனிச் செய்யத்தக்கதைச் சபையே ஆராய்க என்றும் விடுத்தார். வாயடைக்கப்பட்டோரின் சினம் தணிந்ததன்று. எனினும் ஒருவர் தனித்துச் செய்த செயல், 1882 இல் யாவரும் அறிந்த விதியாக மாறியது.

காரணங் கூறுதலால் விளையும் நன்மை பிறிதொன்றும் உண்டு. 2019 மார்ச் 18 இல் சபாநாயகர் ஜோன் பேர்க்கோ, ஒருமுறை முடிவுசெய்யப்பட்ட பிரேரணையை அதே கூட்டத்தொடரில் மாற்றமின்றி மீண்டும் கொணர்தல் ஆகாதெனத் தீர்ப்பளித்தார். 1604 ஆம் ஆண்டு முதலான முன்னுதாரணங்களையும் எடுத்துக்காட்டினார். தடை எதனால் என்பது தெளிவாதலின், அதனைக் கடக்கும் வழியும் தெளிவாயிற்று. மார்ச் 29 இல் அரசாங்கம் வேறுபட்ட பிரேரணையொன்றைக் கொணர்ந்தது. அது விவாதிக்கப்பட்டு 58 வாக்குகளால் தோற்றது.

எல்லாவற்றுக்கும் அச்சபை காரணங் கேட்பதில்லை. எத்திருத்தங்களை விவாதத்துக்கு எடுப்பதென்னும் தேர்வுக்குச் சபாநாயகர் காரணங் கூறாமையே வழக்கம். அவ்விடத்து மரபே நம்பிக்கைக்கு ஆதாரமாகின்றது. 2024 பெப்ரவரி 21 இல், காஸா பற்றிய விவாதத்தில் சபாநாயகர் லின்ஸி ஹொயில் மரபுக்கு மாறாகத் திருத்தமொன்றைத் தேர்ந்தபோது சபை கொந்தளித்தது. அது நெடுங்கால மரபினின்று விலகியதெனச் சபையின் செயலாளர் எழுதிய கடிதம் வெளியிடப்பட்டது. சபாநாயகர் அன்றே சபையில் வருத்தந் தெரிவித்தார்.

காரணங் கூறப்புகின் ஒவ்வொரு தீர்ப்பும் புதிய வழக்காகி விவாதமே நடவாது என்பர் சிலர். இதற்கும் அச்சபை வழி கண்டுள்ளது. தீர்ப்பளித்த அப்பொழுதே அதனோடு வாதிடல் ஆகாது. ஆனால் முறைப்படி தனிப் பிரேரணை கொணர்ந்து அதனை ஆராயலாம். பணிதலும் வினவுதலும் அவ்வாறு தத்தம் காலத்தில் இடம்பெறுகின்றன. ஊர்ச்சபையாயினும் மாணவர் மன்றமாயினும், விதியை முன்னரே அறிவித்து, தடுக்கும்போது காரணஞ் சொல்லி, தீர்ப்பைக் குறிப்பேட்டில் பதிந்துவைக்கும் தலைவருக்கு, அவரால் அமரும்படி பணிக்கப்பட்டவரும் மறுமுறை வந்து பேசுவர்.