வெள்ளத்தில் ரோட்டோரம் நிற்பவருக்கும் சட்டம் உண்டு

2017 நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கி விடிய விடியப் பெய்த மழையில் மலேசியாவின் பினாங்கில் ஏழு பேர் மாண்டனர். மரங்கள் வேரோடு சாய்ந்தன. பல இடங்களில் மின்சாரம் நின்றது. பின்னிரவில் மாநில அரசு ராணுவத்தின் உதவியைக் கேட்டது. வீட்டுக்குள் சேறு வழித்துக்கொண்டிருந்தவர்கள் கேட்ட கேள்வி, கரண்ட் எப்போது வரும் என்பதுதான். அதைக் கொண்டுவர இருட்டில் ரோட்டில் நின்றவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசவில்லை.

மின்கம்பி, தண்ணீர்க் குழாய், தொலைபேசிக் கம்பி பழுதுபார்ப்பவர்களுக்கு ஓடும் வாகனமும் எமன். ஜாலான் பி. ரம்லி போன்ற தாழ்வான இடங்களில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறிவிட்டால் ஆரஞ்சுக் கூம்புகள் நிற்காது, மிதந்து போய்விடும். தெருவிளக்கும் எரியாது. வேகமாக வரும் லாரி தள்ளிவிடும் அலை நேராக ஏணியின் காலில் வந்து மோதும்.

"அவசரம், பாதுகாப்பைப் பிறகு பார்க்கலாம்" என்று மேற்பார்வையாளர் சொன்னால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை. 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் உள்ளது. கடமை தவறும் முதலாளிக்கு 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். குத்தகையாளரின் ஆட்கள், வேலையைக் கொடுத்த நிறுவனத்தின் உத்தரவின் கீழ் வேலை செய்தால், அவர்களுடைய பாதுகாப்புக்கு அந்த நிறுவனமும் பொறுப்பு.

இன்னொரு உரிமை பலருக்குத் தெரியாது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம் என்கிறது அதே சட்டத்தின் 26ஏ பிரிவு. அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. "எச்சரிக்கை விளக்கு இல்லை, போக்குவரத்தைத் தடுக்க ஆள் இல்லை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிட்டு விலகுங்கள். படமும் எடுத்து வையுங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி கிடைப்பது கடினம்.

அடிபட்டால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவ விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், தற்காலிக ஊனத்துக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்து குத்தகையில் வேலை செய்யும் தம்பிமார் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சொக்சோ பாதுகாப்பு உள்ளவர் வேலை விபத்துக்காக முதலாளிமேல் இழப்பீட்டு வழக்குப் போட முடியாது. ஆனால் மோதிய ஓட்டுநரிடம் இழப்பீடு கேட்க அது தடையில்லை. அதற்கு போலீஸ் புகார் கட்டாயம் வேண்டும். வாகன எண்ணையும் விட்டுவிடாதீர்கள்.

வாகனம் ஓட்டுவோருக்கும் சொல்ல வேண்டும். சாலையோரம் விளக்கு மின்னும் அவசரகால வாகனம் நின்றால் வேகத்தைக் குறைத்து, முடிந்தால் தடம் மாறிச் செல்ல வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இருக்கிறது. மலேசியாவில் கண்மூடித்தனமாக ஓட்டி உயிரைப் பறித்தால் ஐந்து முதல் பத்தாண்டு சிறையும், 20,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமும் உண்டு.

அடுத்த மழைக்கு முன், சொக்சோவில் உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலாளியிடம் இன்றே கேளுங்கள். மழுப்பினால் சொக்சோ அலுவலகத்திலேயே புகார் கொடுங்கள்.