ரோமானியச் செப்புக் காசுகள்: குறி அழிந்தால் சட்டம் காக்குமா?

புது தில்லி: ஆற்று மணலில் கிடைக்கும் தேய்ந்த செப்புக் காசு ரோமானியப் பேரரசினுடையதா என்பதை அறிய மூன்று தடயங்கள் உண்டு. முகப்பில் பேரரசரின் உருவமும் பெயரும், மறுபுறத்தில் சின்னம், அதன் அடியில் காசு அச்சிடப்பட்ட நகரின் குறி. 'ஏ.என்.டி.' என்றிருந்தால் அது அந்தியோக்கியா.

கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டுச் செப்புக் காசுகள், ரோமானியத் தொடர்பு முதல் நூற்றாண்டோடு முடிந்துவிடவில்லை என்பதற்குச் சான்று.

1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமோ, நூறாண்டு கடந்த காசுகளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை விதிக்கிறது.

ஆயினும், பளபளப்புக்காக அமிலத்தில் இட்டுத் துலக்கினால் குறி அழியும். கிடைத்த இடத்தைப் பதியாமல் விற்றால் வரலாறு மறையும். காசைச் சட்டம் மீட்கலாம். அழிந்த எழுத்தை மீட்க இயலாது.