பொது விளையாட்டுத் திடல் மதிப்பீடு

பொது விளையாட்டுத் திடல் மதிப்பீடு என்பது பொதுப்பணத்தில் அமைக்கப்பட்ட சிறுவர் விளையாட்டுத் திடல், செலவுக்கு ஏற்றவாறு பயன்படுகிறதா என்று கணக்கிட்டுப் பார்ப்பதாகும். ஊஞ்சல், சறுக்குமரங்களின் எண்ணிக்கையைவிட, அவற்றில் யார், எவ்வளவு விளையாடுகிறார்கள் என்பதே இதில் முதன்மையானது.

கணக்கெடுப்பு

இதற்குப் பயன்படும் முறைகளுள் ஒன்று சோபார்க். தாமஸ் மெக்கென்சி, டெபோரா கோகன் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கிய இம்முறை 2006ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. திடலைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, குறித்த வேளைகளில் ஒவ்வொரு பகுதியையும் நோட்டமிட்டு, அங்கிருப்போரின் பாலினம், வயதுப் பிரிவு, உடலியக்க நிலை ஆகியவை பதியப்படுகின்றன. எவருடைய பெயரும் கேட்கப்படுவதில்லை.

செலவு

கட்டுமானச் செலவைத் திடலின் ஆயுட்காலத்தால் வகுத்து, ஆண்டுப் பராமரிப்புச் செலவைக் கூட்ட வேண்டும். அத்தொகையை ஆண்டு வருகைகளால் வகுத்தால் ஒரு வருகைக்கான செலவு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 30 லட்சம் ரூபாயில் அமைத்த திடல் 15 ஆண்டுகள் நீடிக்கும் என்றும், பராமரிப்புக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ஆகும் என்றும் கொள்வோம். ஆண்டுச் செலவு 3 லட்சம். வருகைகள் 30,000 எனில் ஒரு வருகைக்கு 10 ரூபாய். 3,000 எனில் 100 ரூபாய்.

வரம்புகள்

புதிய திடலில் தொடக்கத்தில் கூட்டம் சேர்வது இயல்பு. எனவே திடல் அமைக்கும் முன்பும், புதுமை தணிந்த பின்பும் கணக்கெடுக்க வேண்டும். கூட்டுத்தொகை சிலவற்றை மறைத்துவிடும். சிறுமியரோ சக்கர நாற்காலியில் வரும் குழந்தைகளோ காணப்படாத திடல், கூட்டம் மிகுந்திருந்தாலும் முழு வெற்றி ஆகாது. வேறு திடலே இல்லாத பகுதியில் குறைந்த வருகைக்கும் மதிப்பு உண்டு.