கவிழ்ந்தால் மிதக்குமா? முட்டம் கடற்கரையைக் கேட்ட கேள்வி!

முட்டம்:

பழைய படகைப் புதுப்பிக்க என்ன வேண்டும்? மக்கிய பலகையைக் கழற்றிவிட்டுப் புதுப்பலகை போட்டால் போச்சு என்பீர்கள். மரமே கிடைக்காவிட்டால்?

குமரி மாவட்டக் கடற்கரைக்கு 1970-களில் வந்த சோதனை இதுதான்.

கட்டுமரத்துக்கு ஆணி கிடையாது. செதுக்கிய தடிகளைக் கயிறு போட்டு இறுக்குவார்கள். பாய் விரித்தால் பறக்கும். மேலே ஏறிய தண்ணீர் இடுக்கு வழியாக வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது! கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துத் தடிகளைக் காயப் போடுவார்கள். காயாவிட்டால் கனம் ஏறிவிடும்.

அதற்கு ஏற்ற இலேசான பெருந்தடி காட்டில் குறைந்தது. விலை ஏறியது. அன்றாடங்காய்ச்சி மீனவர் என்ன செய்வார்?

பிளைவுட் வந்தது

முட்டத்தில் கோட்டாறு சமூக சேவை சங்கத்தின் படகு கட்டும் பணியில் இறங்கினார், பெல்ஜியம் நாட்டு என்ஜினீயர் பியர் ஜில்லே. தடிக்குப் பதில் பிளைவுட்!

"தடி மூழ்காது. உள்ளே கூடான பலகைப் படகு?"

யாருக்கும் எழும் சந்தேகம். வீண் பயம் அல்ல. துறைமுகம் இல்லாத ஊரில் அலையைக் கிழித்துத்தான் போக வேண்டும். திரும்பும்போது மணலில் மோதும் அடியைத் தாங்க வேண்டும். பிறகு, ஆட்கள் சேர்ந்து மேட்டுக்கு ஏற்றும் அளவு இலேசாகவும் இருக்க வேண்டும்.

தையல் வேலை

கைகொடுத்தது தையல். இங்கிலாந்துப் படகு வடிவமைப்பாளர் எட்வின் கிஃபோர்ட் காட்டிய முறை. பிளைவுட் ஓரங்களில் துளை போட்டுத் தைத்து, அந்த இணைப்பின் மேல் கண்ணாடி இழைப் பட்டையும் ரெசினும் பூசுவார்கள்.

வேடிக்கை என்ன தெரியுமா? ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகை தைப்பது நம் மேற்குக் கடற்கரையின் பழைய தொழில். வெளிநாட்டிலிருந்து வந்தது நம்ம ஊர்ச் சரக்கின் தம்பி!

ஆனாலும் வேலை சுலபமாக முடியவில்லை. 'சிறியதே அழகு' என்று 1973-ல் ஷூமாக்கர் புத்தகம் எழுதினார். முட்டத்து அனுபவத்தை 1985-ல் எழுதிய ஜில்லே வைத்த தலைப்போ, 'சிறியது கடினம்'!

இன்று ஃபைபர் படகும் என்ஜினும் வந்துவிட்டன. மரம் மாறலாம், பாய் போகலாம். புதுப் படகு கட்டுகிறவர் பழைய கட்டுமரத்திடம் கேட்க வேண்டிய பாடம் மட்டும் மாறவில்லை: கவிழ்ந்தால் மிதக்குமா?

கடலுக்குப் போனவர் வீடு திரும்புவது அதில்தான் இருக்கிறது.