கணவர் நினைவிழந்தார், மனைவிக்குக் கையெழுத்துரிமை இல்லை

பெங்களூரு ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனத்தின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு, தலைக்காயம் பட்டோர் இரவு பகலாகக் கொண்டுவரப்படுகின்றனர். கர்நாடக மாவட்டங்களிலிருந்து மட்டுமன்றி, எல்லையை ஒட்டிய தமிழகப் பகுதிகளிலிருந்தும் ஆம்புலன்ஸ்கள் வருகின்றன. மருத்துவர்கள் பலரது உயிரை மீட்டுக் கொடுக்கின்றனர். ஆனால், மீட்கப்பட்ட அனைவரும் பழைய மனிதராக வீடு திரும்புவதில்லை.

நேற்றுவரை வேலைக்குச் சென்று சம்பளம் கொண்டுவந்த கணவர், காலையில் சாப்பிட்டதை நண்பகலில் மறக்கிறார். பெற்ற பிள்ளையின் பெயரைத் தேடுகிறார். காரணமின்றிக் கோபம் கொள்கிறார். அவரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, தெருவில் இறங்கித் தொலைந்துவிடாமல் காவல் காக்கும் பொறுப்பு மனைவியின் மேல் விழுகிறது. பொறுப்பு முழுவதையும் அவரிடம் விட்டுவிட்ட நாட்டின் சட்டம், அதற்குரிய அதிகாரத்தை மட்டும் அவருக்கு வழங்கவில்லை.

காயம் ஆறிய பின்னும்...

இந்தியாவில் தலைக்காயங்களுக்குச் சாலை விபத்துகளே முதன்மைக் காரணம் என்பதை நிம்ஹான்ஸ் பேராசிரியர் ஜி. குருராஜ் 2002-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை எடுத்துக்காட்டியது. ஏறத்தாழ 60 சதவீதக் காயங்கள் சாலையிலும், 20 முதல் 25 சதவீதம் கீழே விழுவதாலும் ஏற்படுவதாக அக்கட்டுரை கணித்தது. இருசக்கர வாகனத்தின் பின்னிருக்கையில் அமர்வோருக்கும் தலைக்கவசத்தைக் கர்நாடக அரசு 2016 ஜனவரியில் கட்டாயமாக்கியதன் பின்னணி இதுவே.

மண்டை ஓட்டின் காயம் சில வாரங்களில் ஆறிவிடும். உள்ளே மூளைத் திசுக்களுக்கு ஏற்பட்ட சேதம் அவ்வாறு ஆறுவதில்லை. நெற்றிப் பகுதி மூளை பாதிக்கப்பட்டால் நிதானமும் திட்டமிடும் திறனும் குன்றுகின்றன. குணமே மாறிவிட்டதாக உறவினர் கருதுவது இதனால்தான். பக்கவாட்டுப் பகுதிகள் பாதிக்கப்பட்டால் புதிய நினைவுகள் தங்குவதில்லை. டிமென்ஷியா எனப்படும் மறதிநோய்க்கு வழிவகுக்கும் காரணிகளின் பட்டியலில், 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் 2020-ஆம் ஆண்டு அறிக்கையில் தலைக்காயத்தையும் சேர்த்தது.

நினைவு தவறுவது எல்லாம் தீராத நோய் அல்ல. காயத்துக்குப் பல வாரங்கள் கழித்து மூளையுறைக்கு அடியில் இரத்தம் கட்டிக்கொள்வதும், மூளைக்குள் நீர் தேங்குவதும் அறுவைச் சிகிச்சையால் சரிசெய்யக் கூடியவை. எனவே, 'இனி இப்படித்தான்' என்று முடிவு கட்டுவதற்கு முன் மறுபரிசோதனை அவசியம். கர்நாடக அரசும் நிம்ஹான்ஸும் இணைந்து 2022-ல் தொடங்கிய மூளை ஆரோக்கியத் திட்டம், இத்தகைய பரிசோதனையை அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லும் முயற்சியாகும்.

முதியோருக்கான உதவித் திட்டங்கள் இவர்களில் பலருக்குப் பொருந்துவதில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டம் மூத்த குடிமக்கள் எனக் கொள்வது 60 வயது நிறைந்தோரையே. வருமான வரம்பின்றி வழங்கப்படும் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, 2024-ஆம் ஆண்டு விரிவாக்கத்தின்படி 70 வயது நிறைந்தோருக்கானது. விபத்தில் அடிபடுபவரோ பெரும்பாலும் குடும்பத்தைத் தாங்கும் வயதினர்.

கடமை உண்டு, அதிகாரம் இல்லை

சிகிச்சைக்குப் பணம் வேண்டும். பணம் கணவரின் வங்கிக் கணக்கில் இருக்கிறது. கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்தால், மனைவி என்பதற்காக வங்கி பணம் தருவதில்லை. 'நாமினி' என்ற பதிவு கணக்குதாரர் இறந்த பின்னரே பயன்படும். வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கணவரின் ஒப்புதல் தேவை. அதை அறிந்து வழங்கும் நிலையில் அவர் இல்லை.

முன்னரே அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தாலும் பயனில்லை. எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் முகவரின் அதிகாரமும் முடிவுக்கு வருகிறது என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு. எந்த நாளுக்காகப் பத்திரம் எழுதப்பட்டதோ, அந்த நாளிலேயே அது செல்லாததாகிறது. இங்கிலாந்தில் 2005-ஆம் ஆண்டுச் சட்டமும், சிங்கப்பூரில் 2008-ஆம் ஆண்டுச் சட்டமும் நினைவிழந்த பிறகும் நீடிக்கும் அதிகாரப் பத்திரத்தை அங்கீகரித்துள்ளன. இந்தியாவில் அத்தகைய சட்டம் இல்லை.

1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் சிறுவர்களுக்கானது. 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகியவற்றுடன் நின்றுவிடுகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, வரம்புக்குட்பட்ட காப்பாளரை நியமிக்கவும் இடமளிக்கிறது. அப்பட்டியலில் பார்க்கின்சன் நோயின் பெயர் இருக்கிறது. மறதிநோயின் பெயரோ தலைக்காயத்தின் பெயரோ இல்லை.

முன்பு ஒரு வழி இருந்தது. 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மனநோயாளியின் சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமிக்கும் அதிகாரத்தை மாவட்ட நீதிமன்றத்துக்கு அளித்திருந்தது. அதற்குப் பதிலாக 2018-ல் நடைமுறைக்கு வந்த புதிய மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் உரிமைகளை விரிவாகப் பேசுகிறது. சிகிச்சை தொடர்பாக அவர் சார்பில் செயல்படப் பிரதிநிதியையும் அனுமதிக்கிறது. சொத்து நிர்வாகம் குறித்த பழைய அத்தியாயம் மட்டும் அதில் இடம்பெறவில்லை.

நீதிமன்றங்கள் திறந்த வழி

இந்த வெற்றிடத்தை உயர் நீதிமன்றங்களே நிரப்பி வருகின்றன. கோமாவில் இருப்பவருக்குக் காப்பாளர் நியமிப்பதற்கான நெறிமுறைகளைக் கேரள உயர் நீதிமன்றம் 2019-ல் வகுத்தது. மருத்துவக் குழுவின் சான்று, வருவாய் அதிகாரியின் விசாரணை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு அறிக்கை ஆகியவை அவற்றுள் அடங்கும். 2020-ல் அலாகாபாத் உயர் நீதிமன்றம், கோமாவில் இருந்தவரின் மனைவியைக் காப்பாளராக நியமித்ததுடன், இதற்கெனச் சட்டம் இயற்றுவது குறித்துப் பரிசீலிக்குமாறு மத்திய அரசுக்குப் பரிந்துரைத்தது.

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2024-ல் இதே போன்ற வழக்கு வந்தது. கணவரின் சொத்தை விற்றுச் சிகிச்சையைத் தொடர அனுமதி கேட்ட மனைவியை உரிமையியல் நீதிமன்றத்துக்குச் செல்லுமாறு தனி நீதிபதி கூறினார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், பி.பி. பாலாஜி அமர்வு மனைவியையே காப்பாளராக நியமித்தது. விற்பனைத் தொகையில் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்பு நிதியாகச் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்தது.

விழித்திருப்பவரின் நிலை

இவையெல்லாம் கோமாவில் கிடப்பவர்களின் வழக்குகள். கண் மூடிக் கிடப்பவரின் இயலாமையை எவரும் காணலாம். தலைக்காயத்தால் மறதிநோய்க்கு ஆளானவரோ நடக்கிறார், பேசுகிறார், கேட்டால் கையெழுத்தும் போடுகிறார். எதில் போடுகிறோம் என்பதுதான் அவருக்குத் தெரிவதில்லை. அவரிடம் கையெழுத்து வாங்கிச் சொத்தை அபகரிப்பது எளிது. நியாயமாக அவருக்காகச் செயல்பட விரும்பும் மனைவிக்கே வழி கடினமாக இருக்கிறது.

எனினும், மனைவிக்கு முழு அதிகாரம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கூறவும் இயலாது. கர்நாடகத்தின் மங்களூரில் பிறந்தவரான முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ், அல்சைமர் நோயால் நினைவிழந்தபோது அவரை யார் பராமரிப்பது என்பதில் குடும்பம் பிளவுபட்டது. மனைவி லைலா கபீருக்கும் சகோதரர்களுக்கும் இடையிலான வழக்கை 2010-ல் விசாரித்த தில்லி உயர் நீதிமன்றம், அவர் மனைவியுடன் இருக்கவும் சகோதரர்கள் வந்து பார்க்கவும் வழிசெய்தது. நாடறிந்த தலைவருக்கே இந்த நிலை என்றால், பெயரறியாத நோயாளியின் நலனை யார் கண்காணிப்பது? அதிகாரமும் வேண்டும், அதன் மீது கண்காணிப்பும் வேண்டும்.

கேரள நெறிமுறைகளின் சாரத்தை நாடாளுமன்றம் சட்டமாக்குவது இயலாத காரியம் அல்ல. காப்பாளரை நியமிக்கும் அதிகாரம் மீண்டும் மாவட்ட நீதிமன்றத்துக்கு வர வேண்டும். மறதிநோயும் தலைக்காயத்தின் பின்விளைவும் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட வேண்டும். அதே சட்டம் குறிப்பிடும் பராமரிப்பாளர் உதவித்தொகை இக்குடும்பங்களையும் எட்ட வேண்டும்.

கணவரை ஒரு மணி நேரம்கூடத் தனியே விட முடியாத பெண்ணிடம், தலைநகருக்குச் சென்று உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வா என்கிறது இன்றைய ஏற்பாடு. அந்த ஒரு மணி நேரம் அவரை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லை.