கடைசி வரிக்கு மேலே இருக்கும் கணக்கு

பிரிட்டனில் வாடகைக்கு உதவி கேட்டு விண்ணப்பித்தவர்களுக்குக் கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி மன்றத்திடமிருந்து ஒரு கடிதம் வரும். பக்கம் பக்கமாக எண்கள் இருக்கும். கடைசியில் வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. பெரும்பாலோர் கண் நேராக அந்தத் தொகைக்குத்தான் போகும். ‘இவ்வளவுதானா’ என்று ஒரு பெருமூச்சு, பிறகு கடிதம் மேசை இழுப்பறைக்குள். அந்தத் தொகை எப்படி வந்தது என்பது மேலே உள்ள வரிகளில் இருக்கிறது. அதைப் போட்டவர் ஓர் அலுவலர். அவர் கணக்குத் தவறலாம், தவறினால் திருத்தச் சொல்ல சட்டத்தில் வழி உண்டு.

வாடகை என்பது பிரிட்டிஷ் நலத்திட்டங்களுக்கு ஆரம்பம் முதலே தலைவலிதான். 1942இல் சமூகக் காப்பீடு பற்றித் தன் புகழ்பெற்ற அறிக்கையை எழுதிய வில்லியம் பெவரிட்ஜ், ஒரு குடும்பத்தின் சாப்பாட்டுக்கும் துணிக்கும் நாடு முழுவதற்கும் ஒரே தொகை என்று போட்டுவிட்டார். வாடகையில் அது நடக்கவில்லை. லண்டன் வாடகையும் கிராமத்து வாடகையும் ஒன்றல்லவே! ‘வாடகைப் பிரச்சினை’ என்று தனிப்பகுதியே எழுதியும் அவரால் அதைத் தீர்க்க முடியவில்லை. 1980களின் தொடக்கத்தில் வந்த ஹவுசிங் பெனிஃபிட் என்ற வாடகை உதவி அந்தப் பிரச்சினையைக் கவுன்சில்களிடம் ஒப்படைத்தது. 2013 முதல் வேலை செய்யும் வயதினர் படிப்படியாக யுனிவர்சல் கிரெடிட் என்ற ஒருங்கிணைந்த உதவித்தொகைக்கு மாற்றப்பட்டார்கள். இன்று ஹவுசிங் பெனிஃபிட் முக்கியமாக ஓய்வூதிய வயதைத் தொட்டவர்களுக்கும், தற்காலிகத் தங்குமிடம் போன்ற சில இடங்களில் இருப்பவர்களுக்கும்தான்.

கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது ‘தகுதியான வாடகை’ என்ற வரி. வீட்டுக்காரர் கேட்கும் வாடகை வேறு, கவுன்சில் கணக்கில் எடுக்கும் வாடகை வேறு. தனியார் வீடு என்றால் அந்த வட்டாரத்துக்கென ஓர் உச்சவரம்பு உண்டு. அதே அளவுள்ள நூறு வீடுகளை வாடகை வரிசையில் மலிவிலிருந்து நிறுத்தினால், முப்பதாவது வீட்டின் வாடகைதான் வரம்பு. 2011க்கு முன் ஐம்பதாவது வீடு. முப்பதாவது வீடு என்பதே இறுக்கம். அதையும் ஆண்டுதோறும் புதுப்பிப்பதில்லை என்பதுதான் பெரிய கொடுமை. 2016 முதல் நான்கு ஆண்டுகள் அந்த எண் பெரும்பாலான இடங்களில் அசையவே இல்லை. 2020இல் உயர்த்தி, உடனே மறுபடி நிறுத்தி, 2024 ஏப்ரலில் உயர்த்தி, 2025இல் மீண்டும் நிறுத்திவிட்டார்கள். வீட்டு வாடகை அப்படி நின்று காத்திருக்குமா?

அடுத்த வரி வருமானம். ஒருவருக்கு வாழ இவ்வளவு வேண்டும் என்று அரசு ஒரு தொகை வைத்திருக்கிறது. வருமானம் அதைத் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 65 பென்ஸ் உதவியில் குறையும். வாரத்துக்கு 40 பவுண்ட் தாண்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 26 பவுண்ட் போய்விடும். தகுதியான வாடகை 180 என்றால் கிடைப்பது 154. வீட்டுக்காரருக்குக் கொடுப்பது 210 என்றால் வாராவாரம் 56 பவுண்ட் கைக்காசு.

சேமிப்பும் கணக்கில் வரும். ஓய்வூதிய வயதினருக்கு முதல் 10,000 பவுண்டைக் கண்டுகொள்ள மாட்டார்கள்; அதற்கு மேல் ஒவ்வொரு 500க்கும் வாரம் ஒரு பவுண்ட் வருமானம் வருவதாகப் பாவிப்பார்கள். 16,000ஐத் தாண்டினால், குறைந்த வருமான முதியோருக்கான பென்ஷன் கிரெடிட்டின் உத்தரவாதப் பகுதி பெறுபவர் தவிர மற்றவர்களுக்கு உதவியே இல்லை. லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் இருக்கும் ஈழத்தமிழ்ப் பெரியவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. யாழ்ப்பாணத்தில் தன் பெயரில் பூட்டிக் கிடக்கும் வீடும் சொத்துதான். வெளிநாட்டில் இருப்பதால் மறைந்துவிடாது. சீட்டு எடுத்த பணம் வங்கியில் கிடந்தால் அதுவும் சேமிப்பு. ஆனால் மாதாமாதம் கட்டும் சீட்டுக் காசை வருமானத்திலிருந்து கழிக்கச் சொன்னால் கழிக்க மாட்டார்கள்.

அதிகம் சச்சரவு வருவது இன்னொரு வரியில். வளர்ந்த மகனோ மகளோ கூட இருந்தால், அவர் வாடகையில் பங்கு தருவதாகக் கொண்டு ஒரு தொகையைக் கழிப்பார்கள். தருகிறாரா இல்லையா என்று கேட்பதில்லை. வேலைக்குப் போகும் பிள்ளையின் சம்பளச் சீட்டைக் கொடுக்காவிட்டால் உச்சத் தொகையே கழிபடும். பெற்றோருக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற பராமரிப்பு உதவித்தொகை வந்தால் இந்தக் கழிவே கூடாது. கடிதத்தில் இருந்தால் உடனே எழுதிக் கேட்க வேண்டும்.

அந்த ‘உடனே’வுக்கு அளவு ஒரு மாதம். அதற்குள் மறுபரிசீலனை கேட்கலாம். ஹவுசிங் பெனிஃபிட்டில் நேராகத் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடும் செய்யலாம். யுனிவர்சல் கிரெடிட்டில் முதலில் மறுபரிசீலனை கட்டாயம். கணக்கு புரியவில்லையா? எழுத்தில் காரணம் கேட்டால் கவுன்சில் தர வேண்டும். பதில் வர எடுத்துக்கொண்ட நாட்கள் அந்த ஒரு மாதத்தில் சேராது.

அரசே சறுக்கியதும் உண்டு. 2013 ஏப்ரலில், சமூக வீடுகளில் கூடுதல் படுக்கையறை வைத்திருந்த வேலை செய்யும் வயதினரின் வாடகைக் கணக்கில் ஓர் அறைக்கு 14 சதவீதம், இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 25 சதவீதம் வெட்டினார்கள். மக்கள் வைத்த பெயர் ‘பெட்ரூம் டாக்ஸ்’. 1996 ஜனவரி 1க்கு முன்பிருந்தே ஒரே வீட்டில் தொடர்ந்து இந்த உதவியைப் பெற்றவர்களை அந்த வெட்டு தொடக்கூடாது என்று ஒரு பழைய விதி சட்டப்புத்தகத்தில் இருந்ததை அமைச்சகமே கவனிக்கவில்லை. 2014 ஜனவரியில் அதை ஒப்புக்கொண்டார்கள். மார்ச்சில் ஓட்டையை அடைத்தார்கள். இடைப்பட்ட காலத்துக்கு வெட்டிய பணம் உரியவர்களுக்குச் சேர வேண்டியதாயிற்று. 2016 நவம்பரில், உடல்நலக் காரணத்தால் ஒரே அறையில் படுக்க முடியாத தம்பதிக்குச் சாதகமாக உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அவர்களுக்கும் முதலில் வந்தது கவுன்சில் கடிதம்தான்.

கணக்குச் சரியாகவே இருந்தாலும் வீட்டு வரவு செலவு ஒரு சிறிய பெருக்கலில் தடுக்கும். உதவி வாரக் கணக்கில், வாடகை மாதக் கணக்கில். மேலே சொன்ன 56 பவுண்டை நாலால் பெருக்கி, மாதம் 224 எடுத்து வைத்தால் போதும் என்று தோன்றும். வருடத்துக்கு 52 வாரம். 56ஐ 52ஆல் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 242 பவுண்ட் 67 பென்ஸ். வருடக் கடைசியில் 224 பவுண்ட் துண்டு விழும். பாக்கி என்று வீட்டுக்காரர் கடிதம் போடுவது பல வீடுகளில் இப்படித்தான் ஆரம்பமாகிறது.

பணம் பற்றாதபோது யாருக்கு முதலில் கொடுப்பது? சத்தம் போடுகிறவருக்கு என்பதுதான் நடைமுறை. கிரெடிட் கார்டு நிறுவனம் நாளுக்கு நான்கு முறை அழைக்கும். கவுன்சில் டாக்ஸ் நோட்டீஸ் சத்தமில்லாமல் கதவிடுக்கில் விழும். ஆலோசகர்கள் வரிசையைத் தலைகீழாக வைப்பார்கள். வாடகை, கவுன்சில் டாக்ஸ், மின்சாரம், எரிவாயு முதலில், ஏனென்றால் இவை தவறினால் வீடோ வெளிச்சமோ போகும். கார்டுக்காரர் பிறகு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே முதல், கடன் ஆலோசகர் வழியாக 60 நாள் அவகாசம் வாங்கலாம். அதுவரை பெரும்பாலான கடன்காரர்கள் வட்டி ஏற்றவோ துரத்தவோ முடியாது. நடப்பு மாத வாடகை போன்றவற்றை அப்போதும் கட்டியாக வேண்டும். சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகங்களில் இதற்குக் கட்டணம் இல்லை.

விசாவில் பொதுநிதி உதவி கூடாது என்ற நிபந்தனை இருப்பவர்கள் மட்டும் விண்ணப்பிக்கும் முன் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஹவுசிங் பெனிஃபிட்டும் பொதுநிதிதான்.

தகுதி இருந்தும் கேட்காமலே இருந்த ஓய்வூதிய வயதினருக்கு ஒரு சலுகை உண்டு. தாமதத்துக்குக் காரணம் சொல்லாமலே விண்ணப்பத்தை மூன்று மாதம் பின்தேதியிட்டுக் கேட்கலாம். வாரம் 154 பவுண்ட் கிடைக்கக்கூடியவருக்கு அது கிட்டத்தட்ட 2,000 பவுண்ட்.