கடல்மேல் ஒரு காவல் நிலையம்: பிரான்சின் கடல்சார் ழாந்தார்மரி

பிரான்சில் காவல் பணி இரண்டு தேசிய அமைப்புகளிடம் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பெருநகரங்களைக் குடிமைக் காவல்துறை கவனித்துக்கொள்ள, சிற்றூர்களையும் நாட்டுப்புறங்களையும் பெரும்பாலும் ‘ழாந்தார்மரி’ என்ற மற்றொரு படை கவனித்துக்கொள்கிறது. ‘ஆயுதம் தாங்கிய ஆட்கள்’ என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுத் தொடரிலிருந்து பிறந்த இப்பெயர் 1791ஆம் ஆண்டில், பிரெஞ்சுப் புரட்சியின்போது, மன்னராட்சிக் காலக் காவற்படை ஒன்றைத் திருத்தியமைத்தபோது சூட்டப்பட்டது. இதன் வீரர்கள் இராணுவச் சீருடையும் இராணுவப் பதவிநிலைகளும் உடையவர்கள். ஆனால் அவர்களுடைய அன்றாடத் தொழில் போர் அன்று, குற்றங்களைத் தடுப்பதும் விசாரிப்பதுமே ஆகும். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கொண்ட இந்தப் பெரும்படைக்குள், ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர் மட்டுமே உள்ள ஒரு சிறு பிரிவு, கடலையும் கடற்கரையையும் துறைமுகங்களையும் தன் காவல் எல்லையாகக் கொண்டிருக்கிறது. அதுவே கடல்சார் ழாந்தார்மரி.

இப்பிரிவின் ஒரு வேர் துறைமுகக் காவலில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேர், பிரெஸ்ட், துலோன், ரோஷ்ஃபோர் ஆகிய ஊர்களில் கடற்படைத் தளங்களைப் பெருக்கியபோது, மரமும் கயிறும் பாய்த்துணியும் வெடிமருந்தும் குவிந்து கிடந்த அந்த வளாகங்களுக்குத் தனிக் காவல் தேவைப்பட்டது. அந்தத் தேவை இன்றும் மாறவில்லை. கடற்படைத் தளங்களின் பாதுகாப்பில் இப்பிரிவுக்கு முக்கியப் பங்கு உண்டு. லெ ஆவ்ர், மார்சேய் போன்ற வணிகத் துறைமுகங்களிலும், கப்பல்கள் மற்றும் துறைமுகங்களின் பாதுகாப்புக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு 2004இல் நடைமுறைக்கு வந்த பின்னணியில், அதன் தனிக்குழுக்கள் இயங்குகின்றன.

எனினும் இப்பிரிவைப் புரிந்துகொள்ள அதன் படகுகளை எண்ணிப் பார்ப்பதைவிட, அது யாருக்குக் கட்டுப்பட்டது என்று கேட்பதே பயன் தரும். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ழாந்தார்மரி முழுவதும், தன் இராணுவத் தன்மையை இழக்காமலே, உள்துறை அமைச்சகத்தின் பொறுப்பில் வந்தது. ஆனால் கடல்சார் பிரிவைப் பணியில் ஈடுபடுத்தும் பொறுப்பு கடற்படைத் தலைமைத் தளபதியிடம் இருக்கிறது. ஐரோப்பியக் கரையில் அதன் முதன்மை அணிகள் ஷெர்பூர், பிரெஸ்ட், துலோன் என்ற மூன்று துறைமுகங்களில் அமைந்திருப்பதற்குக் காரணம், அங்கேதான் ‘கடல் ஆட்சியர்’ என்று அழைக்கத்தக்க மூன்று கடற்படை அதிகாரிகள் அரசின் பிரதிநிதிகளாக அமர்ந்திருக்கிறார்கள் என்பதாகும். 1800இல் நெப்போலியன் உருவாக்கிய பதவி இது. இந்தியாவில் 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த கடலோரக் காவல்படை போன்ற ஒரே அமைப்பு பிரான்சில் இல்லை. கடற்படை, சுங்கத்துறை, கடல்சார் விவகார நிர்வாகம், ழாந்தார்மரி எல்லாம் தத்தம் கலங்களோடு கடலில் இருக்க, அவற்றை ஒருங்கிணைப்பவரே இந்தக் கடல் ஆட்சியர்.

இவ்வளவு கலங்கள் இருக்கும்போது இன்னொரு பிரிவு எதற்கு என்ற கேள்விக்கு விடை நீதிமன்றத்தில் இருக்கிறது. போர்க்கப்பலின் தளபதிக்கும் சில வகைக் குற்றங்களைப் பதிவு செய்யும் அதிகாரம் உண்டு. ஆனால் சாட்சிகளை விசாரிக்கவும், சந்தேகத்துக்குரியவரைக் காவலில் வைக்கவும், தடயங்களைக் கைப்பற்றி முத்திரையிடவும் முழு அதிகாரம் பெற்றவர், ‘நீதித்துறைக் காவல் அதிகாரி’ என்ற தகுதி உடையவரே ஆவார். கடல்சார் ழாந்தார்மரியில் அந்தத் தகுதி பெற்றவர்கள் இருக்கிறார்கள்; குற்ற விசாரணை என்று வந்துவிட்டால் அவர்களை வழிநடத்துபவர் கடற்படைத் தளபதி அல்லர், அரசு வழக்குரைஞரோ விசாரணை நீதிபதியோ ஆவார். இந்த நுட்பமான பிரிவினைதான் இப்படையின் உயிர்நாடி.

நிலத்தில் குற்றம் நடந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டலாம், மறுநாளும் வந்து பார்க்கலாம். கடலில் அந்த இடம் அடுத்த அலையோடு மறைந்துவிடும். ஆகவே படகு எந்த நேரத்தில் எந்த அட்சரேகையில், எந்தத் தீர்க்கரேகையில் நின்றது என்பதை உடனே பதிவு செய்வது வழக்கின் அடித்தளம் ஆகிறது, ஏனெனில் அந்த எண்களைப் பொறுத்தே எந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்பது முடிவாகிறது. 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடல் சட்ட உடன்படிக்கைப்படி கரையிலிருந்து 12 கடல் மைல் வரை, அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை, நாட்டின் இறையாண்மை செல்லும். 200 கடல் மைல் வரை மீன்வளம் உள்ளிட்ட இயற்கை வளங்களின்மீது உரிமையும், கடல் மாசு போன்றவற்றில் வரையறுத்த அதிகாரமும் மட்டுமே செல்லும்.

இந்த எல்லைக்கோடுகள் எவ்வளவு சிக்கலானவை என்பதை நார்மண்டிக் கரைக்கு அப்பால் உள்ள செய்ன் விரிகுடாவின் சிப்பி மீன்பிடிப்பு காட்டுகிறது. விசிறி வடிவ ஓடுடைய அந்தச் சிப்பிகள் பெருகட்டும் என்று பிரெஞ்சு மீனவர்களுக்கு மே நடுப்பகுதி முதல் செப்டம்பர் முடிய அங்கே பிடிக்கத் தடை. 12 கடல் மைலுக்கு அப்பால் வந்த பிரிட்டிஷ் படகுகளுக்கோ அந்தத் தடை இல்லாதிருந்தது. 2018 ஆகஸ்ட் 28 அன்று சுமார் 40 பிரெஞ்சுப் படகுகள் ஐந்து பிரிட்டிஷ் படகுகளைச் சூழ்ந்துகொள்ள, கற்கள் பறந்தன, படகுகள் மோதின. தாம் காத்து வளர்த்ததை மற்றவர் அள்ளிச் செல்வதாகக் கருதிய பிரெஞ்சு மீனவரின் கோபத்தை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் சட்டம் பிரிட்டிஷ் மீனவரின் பக்கம் இருந்தது. இத்தகைய இடத்தில் காவலர் செய்யக்கூடியது, வன்முறையைத் தடுத்து நடந்ததை நடந்தபடி எழுதுவது மட்டுமே. 2021 மே மாதம் மீன்பிடி உரிமத் தகராறில் பிரெஞ்சு மீனவர்கள் பிரிட்டிஷ் முடியாட்சியைச் சார்ந்த ஜெர்சித் தீவின் துறைமுகத்தை மறித்தபோது, பிரிட்டன் கடற்படைக் கலங்கள் இரண்டை அனுப்ப, பிரான்சு அனுப்பியவற்றுள் ஒன்று ‘அத்தோஸ்’ என்ற ழாந்தார்மரி ரோந்துப் படகு. காவல் படகு வருவதற்கும் போர்க்கப்பல் வருவதற்கும் பொருள் வேறு. பூசலை அதன் அளவிலேயே நிறுத்த அந்த வேறுபாடு உதவுகிறது.

எண்ணெய்க் கழிவைக் கடலில் கொட்டும் கப்பல்களைப் பிடிப்பதும் இதே வகை வேலைதான். 1999 டிசம்பரில் ‘எரிக்கா’ என்ற எண்ணெய்க் கப்பல் உடைந்து பிரான்சின் பிரித்தானிக் கரையைக் கருமையாக்கிய பிறகு இக்குற்றத்தின்மேல் பொதுமக்களின் பொறுமை குறைந்தது. பிரெஸ்ட், லெ ஆவ்ர், மார்சேய் போன்ற ஊர்களில் இதற்கெனத் தனிப் பயிற்சியுள்ள நீதிமன்றங்கள் இயங்குகின்றன. வானிலிருந்து எடுத்த படம் வழக்கைத் தொடங்கி வைக்கும். கப்பலின் எண்ணெய்ப் பதிவேட்டைப் புரட்டி, தொட்டிகளில் உள்ள அளவோடு ஒப்பிட்டு, பொய்யைக் கண்டறிவது விசாரணையாளரின் வேலை.

கடற்படையோடு இணைந்திருப்பவர்கள் கடற்படைக்கே எதிராக விசாரிக்க முடியுமா என்ற ஐயம் இயல்பானது. 2021 நவம்பர் 24 அன்று ஆங்கிலக் கால்வாயில் காற்றடைத்த படகு ஒன்று மூழ்கிக் குறைந்தது 27 பேர் இறந்தனர். உயிர் பிழைத்தவர்கள் இருவர். படகில் இருந்தவர்கள் அந்த இரவில் மீண்டும் மீண்டும் தொலைபேசியில் உதவி கேட்டும், உரிய நேரத்தில் மீட்புக் கலம் அனுப்பப்படவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது, கடற்படையினரும் பணிபுரியும் கரையோர மீட்பு மையத்தின் உரையாடல் பதிவுகளை வரிவரியாக ஆராய்ந்தவர்கள் ஷெர்பூரின் கடல்சார் ழாந்தார்மரி விசாரணைப் பிரிவினர். அவர்கள் திரட்டியவை விசாரணை நீதிபதிகளின் கைக்குச் சென்றன. 2023இல், ஆபத்தில் இருந்தவர்களுக்கு உதவாத குற்றத்தின்பேரில் இராணுவப் பணியாளர்கள் சிலர்மீது முறையான குற்ற விசாரணை தொடங்கப்பட்டது.